தாத்தா புகட்டும் வழக்கம்

என்னிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் மாடவீதியில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான் என்பது என் மனைவியின் கருத்து. அவள் சொல்வதில் தப்பில்லை. ஆயுள் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவன் நான். நான் வாயைத் திறந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்குப் பிரிவு உபசார விழா நடத்தினார்களே தவிர, என் வாய்க்கு யாரும் நடத்தவில்லை. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் மருமகள் அந்த விஷயத்தைச் சொன்னாள்.

முதலில் மருமகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் ஜப்பான்காரி. அந்த நாட்டின் தெற்குக் கோடியில் ஒரு கடற்கரை ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். என் மகன் வேலைக்காக அங்கே போய், ஜுரத்தில் படுத்து, ஊசி போட வந்தவளையே கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தான். அவனுக்குக் கிண்டியில் உத்தியோகம். எங்களோடு மயிலாப்பூரில் குடித்தனம். வந்த வருஷமே மருமகள் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்பதில்தான் சிக்கல். என் மனைவி, "ஆத்துல", "சொல்லிண்டு" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். ஆனால் பகல் முழுக்க அவளோடு பேசிக்கொண்டிருந்தவள் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள். ஆற்றங்கரையில் இருந்த அவள் வீட்டை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். அங்கிருந்து பஸ் மாறி வருகிறவள். மருமகளுக்கு வாய்த்தது அவள் தமிழ்தான்.

ஒருநாள் காலையில் பூஜை அறை வாசலில் நின்று, "இன்னாப்பா, சாமி கும்புட்டுக்கினு கீறியா?" என்று என்னைக் கேட்டாள். சமையலறையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. என் மனைவிக்கு அந்தத் தமிழ் பழக ஆறேழு மாதம் ஆயிற்று. எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. என்னை இவ்வளவு உரிமையாக யாரும் அதட்டியதில்லை.

கர்ப்பமானதும் மசக்கை தாங்காமல் சில வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த ஊரில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனைகளை அங்கேயே செய்துகொண்டு வந்தாள். வந்த மறுநாள் சாப்பாட்டு மேஜைக்கு எங்களைக் கூப்பிட்டாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து மேஜைத் துணியின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என் ரத்தத்துல ஒரு வைரஸ் கீது" என்றாள் மருமகள். "எங்க அம்மாவுக்கும் கீது. அவங்க பால் குட்ச்சி எனக்கு வந்துது. எங்க ஊர்ப் பக்கம் நெறைய பேருக்கு கீது. எங்க ஆஸ்பத்திரில வயசானவங்க வருவாங்க இல்ல, கண்ணுக்கு, காலுக்கு, வேற எதுக்கோ வருவாங்க. டெஸ்ட் பண்ணா இதுவும் இருக்கும். தீவுல இருந்து வர்றவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. அவங்களுக்கே தெரியாது. பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது. கொஞ்சம் பேருக்கு மட்டும் ரொம்ப வயசு ஆனப்புறம் ரத்தத்துல புத்துநோய் வரும். நான்தான் அந்த பேஷண்டுங்களுக்கு எல்லாம் வெளக்கி சொல்லுவேன். இப்போ எனுக்கு வேற ஒரு நர்ஸ் வெளக்கி சொன்னாங்க."

இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவள் சொன்னது அத்தனையிலும் என் மனைவியின் காதில் விழுந்தது 'புத்து' ஒன்றுதான். எனக்கோ வேறொன்று விழுந்தது. 'பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது.' இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நான் ஆயுள் முழுக்கப் பிழைத்தேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது சார், ஆனால் ஆகிவிட்டால்? என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். எதிராளி தானாகக் கையெழுத்துப் போடுவார். அந்த 'ஆனால்' என் வீட்டு மேஜைக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

"தொட்டா ஒட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

"ஒட்டாதும்மா. தட்டு, டம்ளர், துணி, எதுலயும் ஒட்டாது. தாய்ப்பால்தான் முக்கியம். நான் குடுக்கக் கூடாது. அப்பயும் கொஞ்சூண்டு சான்ஸ் கீது. கொயந்தைக்கு மூணு வயசு ஆனாத்தான் டெஸ்ட் பண்ணி கரீட்டா சொல்ல முடியும்."

என் மனைவி எச்சில் விஷயத்தில் உச்ச நீதிமன்றம். கல்யாணமான நாளிலிருந்து என் டம்ளரில் அவள் வாய் வைத்ததில்லை. காபி ஆற்றிக் கொடுத்தால்கூட நான் தூக்கித்தான் குடிக்க வேண்டும். அவள் எழுந்து, மருமகள் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து, மீதியைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். "மோர்ல உப்பு ஜாஸ்தி" என்றாள். மருமகள் அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கூடவே கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பிறகு என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத்தான் சொல்றேன். இது இந்த மேஜையைத் தாண்டப்படாது. புத்துன்னு ஒரு வார்த்தை வெளில போச்சுன்னா, நாளைக்கு இந்தக் குழந்தைக்கு ஸ்கூல்லேருந்து கல்யாணம் வரைக்கும் அதுதான் பேரு."

அடையாற்றில் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. பரீட்சைக்காகப் படித்ததோடு சரி, இந்த ஊரில் இப்படி ஒருவரைப் பார்த்ததேயில்லை என்றார். "அப்போ இங்கே இது இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். "இருக்கலாம். இங்கே யார் தேடினார்கள்? அவர்கள் தேடுகிறார்கள், அதனால் அவர்கள் ஊரில் இருக்கிறது" என்றார். அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் காத்திருந்தவர்களை எல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ரகசியத்தைக் காப்பது லேசான வேலையில்லை. பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பர், "என்ன சார், நாலு நாளா சத்தமே இல்லை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். திருவல்லிக்கேணி மெஸ்ஸுக்கு அவரோடு போனால், பேச்சு அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் ஒரு வடையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். மருமகளின் ரகசியம் என் சர்க்கரையையும் கொழுப்பையும் ஒருசேர ஏற்றியது.

பெண் குழந்தை பிறந்தது. கறுப்பும் இல்லை சிவப்பும் இல்லை, கோபம் மட்டும் என்னுடையது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே தொல்லையும் வந்தது. அது கீழ் வீட்டு அம்மாள் ரூபத்தில் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகரில் ஜவுளிக்கடை. தங்கமான மனுஷி. யாருக்குப் பிரசவம் என்றாலும் கூப்பிடாமலே பொறுப்பை எடுத்துக்கொள்வாள். "புள்ளைக்குப் பால் இறங்கிட்டா மாமி?" என்று கேட்டாள். என் மனைவி பட்டும்படாமல், "இன்னும் சரியா இல்லை" என்று சொல்லிவைத்தாள். அங்கேதான் தப்பு. 'பால் இல்லை' என்று இந்த ஊரில் சொல்வது, தீப்பிடித்துவிட்டது என்று சொல்வது போல. அன்று சாயங்காலமே பூண்டுக் குழம்பு வந்தது. மறுநாள் பூண்டு லேகியம். அதற்கு மறுநாள் முருங்கைக் கீரை. கேள்விப்பட்டு மேல் வீட்டிலிருந்து வெந்தயக் களி. எங்கள் படிக்கட்டு முழுக்கப் பூண்டு வாசனை. எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

ஒருநாள் கீழ் வீட்டு அம்மாள் ஒரு தூக்குச் சட்டியைப் புடவைத் தலைப்பால் மூடி எடுத்துவந்தாள். "மாமி, தப்பா நெனைக்காதீய. பால்சுறாப் புட்டு. உங்க வீட்டுக்கு ஆவாதுன்னு தெரியும். ஆனா அந்தப் புள்ள ஜப்பான்லா. மீனு பாக்காம எப்படிப் பால் சுரக்கும்?" என்றாள். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "அது என்னன்னு என்கிட்ட சொல்லாதீங்கோ. நேரா அவ ரூமுக்கு எடுத்துண்டு போங்கோ. நான் இப்போ கோயிலுக்குக் கிளம்பிண்டிருக்கேன்" என்றாள். கோயில் நடை சாத்தியிருக்கிற நேரம் அது.

மருமகளோ சாப்பாட்டை வீணாக்குவதைப் பெரும் பாவமாக நினைக்கிறவள். வந்ததை எல்லாம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பால் வற்ற டாக்டரம்மா கொடுத்த மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, பூண்டும் சுறாவும் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் கிடந்து அவஸ்தைப்பட்டாள். மார்பு கல்லாகக் கட்டி ஜுரமே வந்துவிட்டது. குழந்தை அழும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதைப் பார்க்க மனசு தாங்காது.

என் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். "போய் மல்லிப்பூ வாங்கிண்டு வாங்கோ. தொடுத்தது வேண்டாம். உதிரி" என்றாள். மார்பில் மல்லிப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது பழைய கைவைத்தியம். அவளுடைய மன்னிக்கு ஒருமுறை குழந்தை தக்காமல் போனபோது அப்படித்தான் கட்டினார்களாம். தினமும் காலையில் மாடவீதிப் பூக்கடையில் உதிரி மல்லி வாங்கிக்கொண்டு படியேறினேன். இந்த வயசில் பெண்டாட்டிக்குத் தினம் மல்லிப்பூவா என்று மேல் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நானும் வெட்கப்படுவது போலக் காட்டிக்கொண்டேன். ரகசியத்துக்காக எதுவும் செய்யலாம்.

ஆனால் கீழ் வீட்டு அம்மாளை ஏமாற்ற முடியுமா? உதிரி மல்லியை யாரும் தலையில் வைத்துக்கொள்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும். சாமிக்கு என்றால் துளசி எங்கே என்பதும் தெரியும். பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனம். வாத்தியார் மந்திரம் சொல்லி முடித்து, கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அவள் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"மாமி, நான் உங்களை என் அக்கா மாதிரி நெனைச்சுதான் கேக்கேன். புள்ள செத்துப்போனாத்தான் மல்லியப்பூ வச்சுக் கட்டுவாவ. இங்க புள்ள லெட்சணமா உசுரோட இருக்கு. எதுக்குப் பாலை வத்த வைக்கிய? நாங்க அத்தனை பேரும் பொங்கிப் பொங்கிக் கொண்டாந்தமே."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு ஊர் வாய் மூடித்தான் இருந்தது, காது மட்டும் திறந்திருந்தது. மருமகள் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏதாவது பேசுங்கள் என்று அந்தப் பார்வை சொன்னது.

"அது அவா ஊர் சம்பிரதாயம்" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. "சம்பந்தி ஆத்து வழக்கம். பிறந்த குழந்தைக்குத் தாயார் பால் கொடுக்கப்படாது. அப்பாவைப் பெத்த தாத்தாதான் புட்டியில புகட்டணும். தாத்தாவோட ஆயுசு குழந்தைக்குச் சேரும்னு ஐதிகம்" என்றேன். ஆயுசு என்ற வார்த்தை பழக்க தோஷத்தில் வந்துவிட்டது.

வைரஸ் என்று சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி வந்திருக்கும். சம்பிரதாயம் என்றதும் ஒரு கேள்வி இல்லை. வாத்தியார் தாம்பூலத்தை மடித்துக்கொண்டே, "தேசாசாரம். அந்தந்தத் தேசத்து ஆசாரத்தை மாத்தப்படாதுன்னு சாஸ்திரமே சொல்றது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கீழ் வீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தெரியாமப் பேசிட்டேன் சார். அப்ப நீங்க புகட்டுங்க, நாங்க பாக்கோம்" என்றாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். என் மகனுக்கு நான் ஒரு வாய் தண்ணீர்கூடப் புகட்டியதில்லை. மருமகள் கொடுத்த புட்டியைக் கையில் வாங்கி, கூடம் நிறையப் பெண்கள் பார்க்க, அந்தச் சிறு ஜீவனை மடியில் வைத்துக்கொண்டேன். அது என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை துளிகூட இல்லை. பிறகு குடிக்க ஆரம்பித்தது. என் வேட்டியையும் நனைத்தது.

அன்றிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. யார் பார்க்க வந்தாலும், "தாத்தா புகட்டுறதைப் பாக்கணும்" என்பார்கள். நான்தான் புட்டியைக் கொதிநீரில் போட வேண்டும், நான்தான் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும், நான்தான் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வரவைக்க வேண்டும். யாரும் இல்லாத நேரத்தில் மருமகள் வாங்கிக்கொள்வாள் என்று பார்த்தால், "வாணாம்பா, நீயே குடு. அது உன்னை தேடுது" என்று சொல்லிவிட்டாள். பூங்காவில் நடப்பது நின்றது. மெஸ்ஸும் நின்றது. கொழுப்பு இறங்கியது.

நூறாவது நாளுக்கு மருமகளின் அம்மா வந்தார். அதுவரை அவரைக் கைபேசித் திரையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர் குனிந்து வணங்குவார்; நானும் குனிவேன். நான் நிமிர்ந்து பார்த்தால் அவர் இன்னும் குனிந்திருப்பார். மரியாதைக் குறைவாகிவிடுமே என்று மறுபடி குனிவேன். அதற்குள் அவர் நிமிர்ந்திருப்பார். எங்கள் சம்பந்தம் முழுக்க இப்படித்தான் நடந்தது. ஒருமுறை என் நெற்றி மேஜையில் மோதிப் புடைத்தது.

நூறாம் நாள் குழந்தையின் வாயில் சாப்பாட்டைத் தொட்டுக் காட்டுவது அவர்கள் ஊரில் நிஜமாகவே உள்ள வழக்கம். அதற்கு முழு மீன் வேண்டும். கீழ் வீட்டு அம்மாள் தன் அடுப்பில் மீனைப் பொரித்து, தூக்குச் சட்டியோடு மேலே வந்தாள். என் மனைவி வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். சடங்கு முடிந்தது. நான் புட்டியோடு உட்கார்ந்தேன். அப்போது கீழ் வீட்டு அம்மாள் மருமகளிடம், "ஏ புள்ள, உங்க அம்மாட்ட கேளு. தாத்தாவே புகட்டுற இந்த வழக்கம் உங்க ஊர்ல எத்தனை தலைமுறையா இருக்கு? ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

மூன்று மாதம் காப்பாற்றியது ஒரே பதிலில் போய்விடும். இல்லையே, அப்படி ஒன்றும் கிடையாதே என்று அந்த அம்மாள் நேர்மையாகச் சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

மருமகள் தன் மொழியில் மெதுவாகக் கேட்டாள். அவள் அம்மா என்னையும் என் கையிலிருந்த புட்டியையும் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது.

மருமகள் திரும்பி, "ஆமா, ரொம்ப நாளா கீதாம்" என்றாள்.

அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு சின்ன மொழிபெயர்ப்பா என்று யாரும் கேட்கவில்லை. அவள் அம்மா என் முன்னால் தரையில் வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார். குழந்தையையும் புட்டியையும் கொடுத்தேன். அவர் புகட்டினார். கீழ் வீட்டு அம்மாள் என் மனைவியிடம், "பாட்டியும் புகட்டலாம் போலுக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

சாயங்காலம் மருமகளும் நானும் புட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, "உங்கம்மா நிஜமா என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

அவள் புட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். "'எனுக்கு யாரும் சொல்லல. தெரியாம என் பாலை இவளுக்கு குடுத்துட்டேன். தெரிஞ்சி இருந்தா, எங்க ஊட்லயும் இதே வழக்கம் இருந்திருக்கும். இனிமே இருக்கட்டும்'னு சொன்னாங்க."

குழந்தைக்கு மூன்று வயது முடிந்தது. அந்தப் பரிசோதனையை அம்மாவின் ஊரிலேயே செய்துகொள்கிறேன் என்று மருமகள் குழந்தையோடு போனாள். முடிவு வரும் வாரம் வந்தது. 'பெரும்பாலும் ஒன்றும் ஆகாது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். இத்தனை வருஷமும் எத்தனை பேர் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. என் மனைவி கோயிலுக்கு நிஜமாகவே போய்வந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை கைபேசி அழைத்தது. திரையில் மருமகள், அவள் மடியில் பேத்தி, பக்கத்தில் அவள் அம்மா.

"இல்லப்பா" என்றாள் மருமகள். "கொயந்தைக்கு இல்ல."

என் மனைவி எழுந்து போய்ப் பூஜை அறையில் விளக்கேற்றினாள். மருமகளின் அம்மா குனிந்தார். குனிந்து குனிந்து திரையிலிருந்தே மறைந்துபோனார். அவர் இருந்த இடத்தில் சுவர்தான் தெரிந்தது. நானும் குனிந்தேன். என் நெற்றி மேஜையைத் தொட்டது. இந்தத் தடவை எட்டிப் பார்க்கவில்லை. அவர் நிமிரட்டும், அதற்கு முன்னால் நான் நிமிர்வதாக இல்லை என்று அப்படியே கிடந்தேன். மேஜைத் துணி நனைந்துகொண்டிருந்தது.

அப்போது பேத்தியின் குரல் கேட்டது.

"இன்னா தாத்தா, தூங்கிக்கினு கீறியா? எய்ந்துரு. இங்க பாட்டியும் எய்ந்துக்க மாட்டேங்குது."